ஏணியில் ஓர் இடம்: அது யாருக்குச் சொந்தம்?

ரெனிஸ் ஆட்டம் எமது வாசகர்களிற் பெரும்பாலானோரின் முற்றத்துக்கு வந்த விளையாட்டன்று. உதைபந்தாட்டமும் கரப்பந்தாட்டமும் வலைப்பந்தாட்டமும் ஊருக்கூர் உண்டு. கோயில் வளவிலும் பாடசாலை மைதானத்திலும் பிள்ளைகள் ஆடுவதைக் காண்கிறோம். ரெனிசோ வேலியடைத்த கழகங்களுக்குள்ளே வளர்ந்தது. ஆயினும் அக்கழகங்களில் நெடுநாளாக இருந்துவரும் சிறிய வழக்கம் ஒன்று, நீதி என்றால் என்ன என்று சிந்திக்க விரும்பும் எவருக்கும், விளையாட்டிலே நாட்டமில்லாதவருக்கும்கூட, நல்ல பயிற்சியாக அமையக்கூடியது. அவ்வழக்கத்துக்கு ‘ஏணி’ என்று பெயர்.

ஏணி என்பது வேறொன்றுமில்லை, ஒரு பெயர்ப்பட்டியல். கழக மண்டபத்துச் சுவரில் ஒரு பலகை. அதிலே அங்கத்தவர்களின் பெயர் எழுதிய தகடுகள் ஒன்றின்கீழ் ஒன்றாகக் கொளுவப்பட்டிருக்கும். உச்சியில் இருப்பவர் முதலாம் இடத்தவர். அடியில் இருப்பவர் இருபதாம் இடத்தவரோ முப்பதாம் இடத்தவரோ. எவரும் தமக்கு மேலே உள்ளவரைப் போட்டிக்கு அழைக்கலாம். ஆனால் எட்டாத உயரத்துக்குத் தாவ முடியாது. இரண்டு படி அல்லது மூன்று படி மேலே உள்ளவரை மட்டுமே அழைக்கலாம். அழைக்கப்பட்டவர் ஒரு வாரத்துக்குள், சில கழகங்களில் இரு வாரத்துக்குள், ஆடியாக வேண்டும். தக்க காரணமின்றி மறுத்தால் தோற்றவராகக் கணிக்கப்படுவார். அழைத்தவர் வென்றால் மேலே போவார். தோற்றால் இருந்த இடத்திலேயே இருப்பார், அதே ஆளை உடனடியாக மறுபடி அழைக்கவும் முடியாது. புதிதாகச் சேருபவர் அடியிலே தொடங்குவார். பல மாதம் ஆடாதிருப்பவரின் தகடு கீழே இறக்கப்படும், அல்லது கழற்றி வைக்கப்படும். விதிகள் கழகத்துக்குக் கழகம் சற்று வேறுபடும். இந்நாளிற் பல இடங்களில் பலகையின் இடத்தைக் கணினித் திரை பிடித்தும் விட்டது. சாரம் இதுதான்.

இங்கே முதலிற் கவனிக்க வேண்டியது, தீர்ப்புச் சொல்லும் மனிதர் எவரும் இல்லை என்பதே. இன்னார் இன்னாரிலும் திறமையானவர் என்று எந்தச் செயற்குழுவும் கூடித் தீர்மானிப்பதில்லை. செயலாளரின் வேலை, ஆட்டத்தின் முடிவைக் கேட்டுத் தகட்டை மாற்றிக் கொளுவுவது மட்டுமே. அவருடைய மைத்துனர் பதினோராம் இடத்தில் இருந்தால், பதினோராம் இடத்திலேதான் இருப்பார். எமது பிள்ளைகளின் தவணை அறிக்கையில் ‘வகுப்பில் ஏழாம் இடம்’ என்று வருகிறதே, அது வேறு வகை. ஆசிரியர் புள்ளியிட்டுக் கூட்டிக் கொடுத்த இடம் அது. ஆறாம் பிள்ளையை ஏழாம் பிள்ளை எழுந்து நின்று அழைத்துப் பார்க்க வழியில்லை. அடுத்த தவணைவரை பொறுத்திருக்க வேண்டும். ஏணியிலோ முறையீட்டுக்கு எந்நாளும் இடமுண்டு.

அமெரிக்க மெய்யியலாளர் ஜோன் றோல்ஸ், நீதியின் கோட்பாடு பற்றி 1971 இல் வெளியிட்ட பெருநூலிலே ஒரு வேறுபாட்டை விளக்குகிறார். குற்ற வழக்கொன்றில், சந்தேக நபர் குற்றம் செய்தாரா இல்லையா என்ற உண்மை வழக்குக்கு வெளியே தனியாக உள்ளது. விசாரணை எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும் தீர்ப்புப் பிழைத்துப்போகலாம். களவின்றி நடைபெறும் சூதாட்டத்திலோ அப்படி வெளியே ஓர் அளவுகோல் இல்லை. விதிப்படி ஆடி வந்த முடிவு எதுவோ, அதுவே நியாயமான முடிவு. அப்படியானால் ஏணி இவற்றுள் எதைச் சேர்ந்தது? பலகையில் ஐந்தாம் இடத்தில் இருப்பவர் உண்மையிலேயே ஐந்தாவது திறமைசாலியா, அல்லது ஐந்தாம் இடத்தில் இருப்பதனாலேயே அவரை ஐந்தாமவர் என்கிறோமா?

கழகத்தவரின் பேச்சைக் கேட்டால் இரண்டு விதமாகவும் கேட்கும். வென்றவர் பலகையைக் காட்டுவார். தோற்றவர் ‘அன்றைக்கு எனக்கு நாள் சரியில்லை’ என்பார். தோற்றவரின் பேச்சைச் சாட்டு என்று நகைத்து ஒதுக்குவது இலகு. ஆனால் அதற்குள் ஒரு சரியான எண்ணம் மறைந்திருக்கிறது: பலகைக்கு அப்பால் ஓர் உண்மை உண்டு, பலகை அதனைத் தேடுகிறது, சில நாட்களிற் கண்டுபிடிக்கத் தவறுகிறது. அப்படி ஓர் உண்மை இல்லையென்றால் மீண்டும் அழைப்பதற்கே பொருளில்லை. ஆகவே ஒருவருக்குத் தகுதி என்பது வேறு, உரிமை என்பது வேறு. விதிப்படி வென்று ஐந்தாம் இடத்துக்கு வந்தவருக்கு, அவர் உண்மையில் ஏழாமவராக இருப்பினும், அந்த இடத்தில் நிற்க உரிமை உண்டு. அந்த உரிமை எவ்வளவு தூரம் செல்லும் என்பதே எமது கேள்வி.

ஒரு சிறு விதியிலிருந்து தொடங்குவோம். எட்டாம் இடத்தவர் ஐந்தாம் இடத்தவரை அழைத்து வென்றுவிட்டார். இப்போது பலகையை எப்படி மாற்றுவது? சில கழகங்களில் இருவரும் இடம் மாறிக்கொள்வர்: வென்றவர் ஐந்துக்கு, தோற்றவர் எட்டுக்கு. வேறு சிலவற்றில் வென்றவர் ஐந்தாம் இடத்திற் செருகப்படுவார். தோற்றவர் ஆறுக்கும், ஆறாமவர் ஏழுக்கும், ஏழாமவர் எட்டுக்கும் ஒவ்வொரு படி இறங்குவர். முதல் முறையில் ஒரேயொரு தோல்விக்காக ஒருவர் மூன்று படி விழுகிறார். அவர் ஆறாமவரிடமோ ஏழாமவரிடமோ தோற்கவில்லை. ஆயினும் அவர்களுக்குக் கீழே போய்விட்டார். இரண்டாம் முறையில் ஆறாமவரும் ஏழாமவரும் மட்டையைத் தொடாமலே, வீட்டில் இருந்தபடியே, ஒரு படி இழக்கிறார்கள்.

எது நியாயம்? ‘ஆடாதவனை ஏன் இறக்குகிறாய்?’ என்று கேட்டு முதல் முறையை ஆதரிப்போர் உண்டு. இரண்டாம் முறையே கூடிய நியாயமுடையது என்பது எமது எண்ணம். ஆறாமவர் ஒரு படி இறங்கியபோது அவரைப்பற்றிப் பொய்யாக எதுவும் சொல்லப்படவில்லை. தமக்கு மேலே இருந்த ஒருவரை வென்ற இன்னொருவர் இருக்கிறார் என்பது மட்டுமே சொல்லப்பட்டது, அது உண்மை. முதல் முறையிலோ, ஐந்தாமவர் ஏழாமவரிலும் தாழ்ந்தவர் என்று, எவரும் ஆடிக் காட்டாத ஒன்றைப் பலகை சொல்கிறது. அதுமட்டுமன்று. ஒருவரின் உயர்வுக்கு வேண்டிய இடத்தைப் பலர் ஆளுக்கு ஒரு படி நகர்ந்து கொடுப்பதற்கும், ஒருவர் தலையிலேயே முழுப் பாரத்தையும் ஏற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு வீட்டில் பல பிள்ளைகளை வளர்த்த பெற்றோருக்கு விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஏணி என்ற வடிவமே, மேலே உள்ளவர் கீழே உள்ள எல்லோரையும் வெல்லத்தக்கவர் என்று எண்ண வைக்கிறது. உண்மை அப்படியா? ஒருவர் வலைக்கு ஓடிவந்து அடிப்பவர், இன்னொருவர் பின்கோட்டில் நின்று பொறுமையாகத் திருப்புபவர், மற்றவர் இடதுகைக்காரர். முதலாமவர் இரண்டாமவரையும், இரண்டாமவர் மூன்றாமவரையும், மூன்றாமவர் முதலாமவரையும் தவறாமல் வெல்லும் விந்தை எந்தக் கழகத்திலும் காணக்கூடியது. பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்சே 1785 இல் வாக்கெடுப்புகளைப் பற்றி எழுதியபோது காட்டிய அதே சுழல்தான் இது: மூன்று பேரின் விருப்பங்கள் சேரும்போது எவருமே உச்சியில் நிற்க முடியாத நிலை வரலாம். அப்படிப்பட்ட மூவரை ஏணியில் ஏற்றினால், அவர்கள் ஆயுட்காலம் முழுவதும் ஒருவரையொருவர் இறக்கிக்கொண்டே இருப்பார்கள். பிழை அவர்களில் இல்லை. வட்டத்தை நிமிர்த்தி ஏணியாக்க முயன்றதுதான் பிழை.

இதனாற்போலும், படிகளை விட்டு எண்களை நாடியோர் உளர். அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் இயேசு சபையினர் நடத்தும் மார்க்கெற் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் கற்பித்த, ஹங்கேரியிற் பிறந்த ஆர்பாட் ஈலோ என்பவர், சதுரங்க ஆட்டக்காரருக்காக வகுத்த கணிப்பு முறையை 1970 இல் உலக சதுரங்கச் சம்மேளனம் ஏற்றுக்கொண்டது. 200 புள்ளி கூடியவர் நான்கு ஆட்டத்தில் ஏறத்தாழ மூன்றின் பயனைப் பெறுவார் என்று அம்முறை எதிர்பார்க்கிறது. எதிர்பார்ப்புக்கு மாறாக நடந்தால் இருவரின் புள்ளியையும் திருத்துகிறது. இது அடக்கமான முறை. ‘இவர் பெரியவர்’ என்று அது சொல்வதில்லை. ‘இவர் வெல்லக்கூடும்’ என்று மட்டுமே சொல்கிறது. ஆனால் மனிதர் எண்ணைக் கண்டாலும் அதை ஏணியாகவே வாசிக்கிறார்கள்!

இனி உச்சியில் இருப்பவரிடம் வருவோம்.

விம்பிள்டன் போட்டி 1877 இல் ஆரம்பமாயிற்று. முதல் வெற்றியாளர் ஸ்பென்சர் கோர். அடுத்த ஆண்டு ஒரு விதி நடைமுறைக்கு வந்தது: முன்னைய ஆண்டின் வெற்றியாளர் மற்றவர்களோடு ஆடத் தேவையில்லை. ஏனையோர் தம்முள் ஆடி ஒருவரைத் தெரிந்து அனுப்புவர். அவரோடு மட்டும் அவர் ஆடினாற் போதும். 1878 இல் அப்படி எழுந்து வந்து கோரை வென்றவர் பிராங்க் ஹடோ. அவர் வேறெங்கிருந்தோ வந்தவரல்லர். எங்கள் இலங்கையிலே கோப்பித் தோட்டம் நடத்திய துரை. விடுமுறையில் ஊருக்குப் போனவர், வலையருகே ஓடிவரும் கோரின் தலைக்கு மேலால் பந்தை உயர்த்தி அனுப்பியே ஆட்டத்தை முடித்தார். பின்னர் இலங்கைக்குத் திரும்பிவிட்டார். 1879 இல் தம் இடத்தைக் காக்க அவர் போகவேயில்லை. அதன்பின் அங்கு போட்டியிடவும் இல்லை. 1926 இல், போட்டியின் ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்கு, பழைய வெற்றியாளருள் ஒருவராகப் பதக்கம் பெறவே திரும்பி வந்தார்.

அவர் வராதபடியால் 1879 இல் இடம் ஜோன் ஹாட்லிக்கு ஆடாமலே கிடைத்தது. ஹாட்லி யோர்க்‌ஷயரில் ஓர் அங்கிலிக்கன் பங்கின் குரு. போட்டியின் நடுவே ஞாயிறு வழிபாட்டுக்காகப் பங்குக்கு ஓடி, திங்கட்கிழமை திரும்பி வந்து ஆடினார் என்பர்; பங்குக் குருமாருக்கு இது விளங்கும். 1881 இல் வில்லியம் றென்ஷோ என்ற இளைஞர் அவரை 6–0, 6–1, 6–1 என்று வென்றார். அன்று ஹாட்லிக்கு உடல்நலம் சரியில்லை என்றும் சொல்லப்படுகிறது. றென்ஷோ தொடர்ந்து ஆறு ஆண்டு வெற்றியாளர். அது பெரும் சாதனையாக இன்றும் எழுதப்படுகிறது. ஆனால் 1882 முதல் 1886 வரை ஐந்து ஆண்டிலும் அவர் விம்பிள்டனில் ஆடிய ஒற்றையர் ஆட்டம் ஆண்டுக்கு ஒன்றாக, மொத்தம் ஐந்தே. அவற்றுள் இரண்டில் எதிரே நின்றவர் அவருடைய இரட்டைச் சகோதரர் ஏனஸ்ற்.

காத்திருக்கும் வெற்றியாளர் என்ற இந்த வழக்கம் 1921 வரை நீடித்தது. 1922 முதல் எல்லோரும் முதற் சுற்றிலிருந்தே ஆட வேண்டும் என்றாயிற்று. இந்த மாற்றத்தில் ஒரு பெரிய எண்ண மாற்றம் அடங்கியிருக்கிறது. பழைய முறை, இடத்தை ஒரு காணித்துண்டைப்போல் எண்ணியது. உறுதி என் கையில்; பறிக்க விரும்புபவன் என் படலைக்கு வரட்டும். புதிய முறையோ இடத்தை ஒரு சாட்சியமாக எண்ணியது. சென்ற ஆண்டு நீ சிறந்தவன் என்பதற்கு அது சாட்சி. இவ்வாண்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. கழக ஏணி இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. உச்சியில் இருப்பவர் எல்லோரோடும் ஆடத் தேவையில்லை. ஆனால் அழைத்தால் மறுக்கக் கூடாது. மறுக்க முடியாத அந்த ஒரு விதி இல்லாவிட்டால் ஏணி அன்றே செத்துவிடும். மழை, கைவலி, விருந்தினர் வருகை என்று சாட்டுச் சொல்லியே ஒருவர் ஆண்டுக்கணக்கில் உச்சியில் இருந்துவிடலாம்.

ஆனால் கைவலி உண்மையாக இருந்தால்?

இங்கேதான் விடயம் கனக்கிறது. 1887 இல் வில்லியம் றென்ஷோவுக்கு முழங்கையில் நோவு. ஆட முடியவில்லை. இடம் ஹேர்பேட் லோபோட்டுக்கு ஆடாமலே போயிற்று. அடுத்த ஆண்டு றென்ஷோ மற்றவர்களோடு மற்றவராக அடியிலிருந்து தொடங்கினார், தோற்றார். அவ்வாண்டு உச்சிக்கு வந்தவர் சகோதரர் ஏனஸ்ற். 1889 இல் மறுபடி அடியிலிருந்து ஏறி, இறுதியில் ஏனஸ்றையே வென்று தம் ஏழாவது வெற்றியைப் பெற்றார். எவரும் அவருக்குச் சலுகை காட்டவில்லை. அவர் கேட்டதாகவும் தெரியவில்லை. ஐந்து ஆண்டில் ஐந்தே ஆட்டம் ஆடிய பழைய வெற்றிகளைவிட இந்த ஒரு வெற்றியையே நாம் கூடுதலாக மதிப்போம். ஆனால் ஒருவர் பட்ட கஷ்டத்தை நாம் மெச்சுகிறோம் என்பதற்காக, எல்லோர்மீதும் அக்கஷ்டத்தைச் சுமத்துவது நீதியாகிவிடாது.

1973 ஆகஸ்ட் 23 முதல் தொழில்முறை ஆண் ஆட்டக்காரரைக் கணினி தரப்படுத்துகிறது; முதலாவது முதலிடம் ருமேனியரான இலியே நஸ்ராசேக்கு. அதற்கு முன்னர் யாரைப் போட்டிக்குச் சேர்ப்பது என்பது பெரிதும் ஏற்பாட்டாளரினதும் நாட்டுச் சங்கங்களினதும் விருப்பத்தில் தங்கியிருந்தது. பெயர் பெற்றவருக்குக் கதவு திறக்கும், மற்றவர் வெளியே நிற்பர். கணினி முகம் பார்க்கவில்லை. அது பெரிய நன்மை. ஆனால் அம்முறையில் ஓராண்டுக்கு முன்பு பெற்ற புள்ளிகள் கழிந்துகொண்டே போகும். ஆகவே எவரும் வந்து அழைக்காமலே, காலமே ஒருவரை இறக்கிவிடும். கால் முறிந்து படுத்திருப்பவரும், சோம்பலால் ஆடாதிருப்பவரும் கணினிக்கு ஒன்றே. இதனை உணர்ந்துதான், ஆறு மாதமோ அதற்கு மேலோ காயத்தால் விலகியிருந்தவர் தம் பழைய தரத்தைக் கொண்டு சில போட்டிகளுக்குள் நுழையலாம் என்று விதி செய்தார்கள். ஆனால் முன்னணி ஆட்டக்காரர் என்ற தனியிடத்தை அது தருவதில்லை. நுழைவு உண்டு, சிறப்பு இல்லை.

பெண்களிடம் வரும்போது காயம் மட்டுமன்று, மகப்பேறும் சேர்கிறது. செரீனா வில்லியம்ஸ் 2017 இல் உலக முதலிடத்திலிருந்து தாய்மைக்காக விலகினார். 2018 இல் திரும்பியபோது பிரெஞ்சுப் போட்டியில் அவருக்குத் தனியிடம் கொடுக்கப்படவில்லை. சில வாரங்களின் பின் விம்பிள்டனில், உலகத் தரத்தில் 183 ஆம் இடத்தில் இருந்த அவரைச் செயற்குழு தன் தற்றுணிபைக் கொண்டு 25 ஆம் தனியிடத்தில் வைத்தது. தனியிடங்கள் மொத்தம் 32. அவற்றைப் பெற்றவர்கள் முதல் இரண்டு சுற்றிலும் தமக்குள் மோத வேண்டியதில்லை. செரீனா உள்ளே வர, 32 ஆம் தரத்தில் இருந்த ஸ்லோவாக்கியரான டொமினிக்கா சிபுல்கோவா வெளியே தள்ளப்பட்டார். இது நியாயமன்று என்று அவர் வெளிப்படையாகவே கூறினார்.

எவர் பக்கம் நிற்பது? ஒரு தாய் பிள்ளை பெற்றதற்காகத் தண்டிக்கப்படலாகாது. குடும்பங்கள் வாசிக்கும் எமது ஏட்டில் இதை வாதிக்க வேண்டியதில்லை. ஆனால் சிபுல்கோவா செய்த குற்றம் என்ன? அவர் ஆண்டு முழுவதும் ஆடி, ஒவ்வொரு படியாகக் காத்து வைத்திருந்த இடம் அது.

புனித தோமஸ் அக்குவினாஸ் பங்கீட்டு நீதியைப் பற்றிப் பேசுகையில் ‘ஆள் பார்த்தல்’ என்ற பாவத்தை விளக்குகிறார். ஒருவருக்குப் போதிய அறிவு இருப்பதற்காக அவரை ஆசிரியர் பதவிக்கு உயர்த்தினால், உரிய காரணத்தைப் பார்க்கிறோம். அவர் இன்னார் என்பதற்காக உயர்த்தினால், ஆளைப் பார்க்கிறோம். இந்த உரைகல்லில் விம்பிள்டன் தீர்மானத்தை உரைத்துப் பார்க்கலாம். செரீனா அதே புற்றரையில் அதுவரை ஏழு முறை வென்றவர். ஆகவே காரணம் இருந்தது என்று குழு சொல்லலாம், அது பொய்யன்று. ஆனால் அதற்கு முந்திய ஆண்டு, 2017 இல், முன்னாள் உலக முதலிடத்தவரான விக்டோரியா அசரென்கா முதற் பிள்ளையைப் பெற்றுத் திரும்பி அதே விம்பிள்டனுக்கு வந்தபோது, அவருக்குத் தனியிடம் கிடைக்கவில்லை. தாய்மைதான் காரணமென்றால் இருவரும் தாய்மார். ஆகவே அங்கே தாய்மைக்கு நீதி செய்யப்பட்டது என்பதைவிட, ஒரு பெரிய பெயருக்கு மரியாதை செய்யப்பட்டது என்பதே எமக்குத் தோன்றுகிறது. விதியாக முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் அது நீதி. ஆளைக் கண்டபின் செய்தபடியால் அது சலுகை.

பிறகு விதி எழுதினார்கள். மகளிர் சங்கம் 2019 ஆம் ஆண்டுக்கு வகுத்த விதிப்படி, மகப்பேறோ நெடுங்காயமோ கழிந்து திரும்புபவர் எவரின் தனியிடத்தையும் எடுக்கமாட்டார். ஆனால் அவருடைய பழைய தரம் அதற்குப் போதுமானதாயின், முதற் சுற்றிலே தனியிடம் பெற்றவர் ஒருவரோடு மோத வைக்கப்படவும் மாட்டார். திரும்பி வருபவருக்கு மூச்சுவிட இடம். காத்து நின்றவருக்கு இழப்பில்லை. சங்கங்கள் எழுதும் விதிகளில் இவ்வளவு மனிதத்தன்மை அடிக்கடி காணக் கிடைப்பதில்லை.

இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். சிபுல்கோவாவின் இழப்பு அவ்வளவு பெரிதானதற்குக் காரணம் செரீனா செருகப்பட்டது மட்டுமன்று. 32 க்கும் 33 க்கும் இடையே ஒரு கோடு கீறப்பட்டிருந்ததே பெருங்காரணம். 25 இல் இருந்தவர் 26 க்கு நகர்ந்தால் பெரிதாக ஒன்றும் நேராது. கோட்டின் விளிம்பில் நின்றவருக்கே எல்லாம் போயிற்று. பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்ட பிள்ளையின் வீட்டாருக்கு இந்தக் கோட்டின் கூர்மை தெரியும். கழக ஏணியிலோ கோடு கிடையாது. நோயிலிருந்து எழுந்தவரைப் பழைய இடத்திற் செருகினால் கீழே உள்ளவர் ஆளுக்கு ஒரு படி நகர்வர். எவரும் விளிம்பால் விழமாட்டார். அத்தோடு, ஐயம் கொண்டவர் அடுத்த வாரமே அவரை அழைத்துச் சோதிக்கலாம். ஆகவே நோயாளிக்கும் தாய்க்கும் இடத்தை வைத்துக் காத்துக் கொடுப்பது பெரிய போட்டிகளிலும் பார்க்கச் சிறு கழகங்களுக்கு மிக இலகு. அப்படியிருந்தும் கொடுக்க மறுக்கும் கழகம், கண்டிப்பை நீதி என்று எண்ணி மயங்குகிறது.

களவுகளைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. அழைப்பை ஏற்காமல் ஒளித்துத் திரிவது, நண்பனுக்கு வேண்டுமென்றே தோற்பது, இலகுவான பிரிவில் பரிசு பெறுவதற்காகத் தன் திறமையை மறைப்பது என்பன எங்கும் உள்ளவை. அமெரிக்கக் கல்லூரிகளில் ஒன்று உண்டு. இரு கல்லூரிகள் மோதும்போது ஒற்றையர் ஆட்டத்துக்கு ஆறு பேரைத் திறமை ஒழுங்கில் நிறுத்த வேண்டும் என்பது விதி. சில பயிற்றுநர் ஆகத் திறமை குறைந்தவரை முதலாம் இடத்தில் வைத்து அந்த ஓர் ஆட்டத்தைப் பலிகொடுத்து, மற்ற ஐந்திலும் எதிரியைவிட ஒரு படி பலமானவரை நிறுத்தப் பார்ப்பர். வாயைத் திறக்காமலே சொல்லும் பொய் இது. அந்த முதலாம் இடத்தில் நிறுத்தப்படும் இளைஞனை நினைத்துப் பாருங்கள். எல்லோரும் பார்க்கத் தோற்பதற்கென்றே தன் ஆசிரியரால் அனுப்பப்பட்டவன் அவன்.

இவை எல்லாவற்றிலும் பெரிய கேள்வி ஒன்று, ஏணியில் அல்ல, கழகத்தின் வாசலில் இருக்கிறது. ஹடோ துரை கோப்பித் தோட்டம் நடத்திய காலத்தில், அத்தோட்டங்களில் உழைக்க மன்னார் வழியாகக் கால்நடையாய் வந்த தமிழ் மக்கள் ஆயிரமாயிரம். துரைமார் கழகங்கள் பெரும்பாலும் வெள்ளையருக்கே உரியனவாயிருந்தன. உள்ளே நடந்த ஆட்டம் நேர்மையாகவே நடந்திருக்கலாம். வாசலுக்கு வெளியே நின்றவருக்கு அந்த நேர்மையால் ஆவது ஒன்றுமில்லை.

அமெரிக்காவிலும் இதுவே நிலை. கறுப்பினத்தவர் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்து ஆடினர். அதன் உச்சியில் 1947 முதல் அல்தியா கிப்சன் நின்றார். ஆனால் அந்த ஏணியையும் வெள்ளையரின் ஏணியையும் இணைக்க ஒரு படியும் இருக்கவில்லை. தகுதிகாண் போட்டிகளில் ஆடித் தேறியவரே தேசியப் போட்டிக்கு வரலாம் என்பது விதி. அப்போட்டிகளை நடத்திய கழகங்களோ அவரை அழைப்பதில்லை. விதியில் நிறம் பற்றி ஒரு சொல்லும் இருக்கத் தேவையில்லை! 1950 யூலையில் முன்னாள் வெற்றியாளரான அலிஸ் மார்பிள், ரெனிஸ் சஞ்சிகை ஒன்றில் எழுதிய கட்டுரையில் இதை உடைத்துச் சொன்னார். கிப்சன் தோற்கட்டும், ஆனால் ஆடுகளத்திலே தோற்கட்டும் என்பதே அவர் வாதத்தின் சாரம். அவ்வாண்டே கிப்சன் தேசியப் போட்டியில் இடம்பெற்றார். இரண்டாம் சுற்றில், மழையால் இடைநிறுத்தப்பட்டு மறுநாள் முடிந்த ஆட்டத்தில், தோற்கவும் செய்தார். 1957 இலும் 1958 இலும் விம்பிள்டனை வென்றார். இதில் வெற்றியைவிட 1950 இன் தோல்வியே எமக்கு முக்கியமாகப் படுகிறது. தோற்பதற்கு உரிய உரிமையை அவர் பெற்றது அன்றுதான்.

ஏணியின் அடிப்படியைப் பற்றியும் ஒரு சொல். இருபது பேர் இருந்தால் ஒருவர் இருபதாமவராக இருந்தே ஆக வேண்டும். எவ்வளவு நல்ல விதி எழுதினாலும் அந்த இடத்தை ஒழிக்க முடியாது. மேலே நோக்கியே அழைப்பு விடுவதால், அவரோடு ஆடி எவருக்கும் ஆதாயமில்லை. மாதக் கணக்கில் அவரை ஒருவரும் தேடி வரமாட்டார். இதற்காகச் சில கழகங்களில், மாதத்துக்கு ஒரு முறையாவது தமக்குக் கீழே உள்ள ஒருவரோடு ஆட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். வென்றாலும் தோற்றாலும் தகடு அசையாது, ஆடினாற் போதும். அப்படி ஒரு விதி இல்லாத இடங்களில், இருபதாமவருக்கு ஆட்டம் கிடைப்பது புதிதாக ஒருவர் கழகத்திற் சேரும்போதுதான். புதியவர் இருபத்தோராம் படியில் நிற்பார். அவருடைய முதல் அழைப்பு அநேகமாக இருபதாமவருக்கே போகும். எந்த வாசலால் வருவது, சப்பாத்தை எங்கே வைப்பது, தண்ணீர் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் புதியவருக்குச் சொல்லிக் கொடுப்பவரும் பெரும்பாலும் அவர்தான்.